ஊரில் விழுந்த ஒரே ஓட்டு

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குத் தீயணைப்புக் கொட்டகைக்குள் போய் ஹெட்விகா ஓட்டுப் போட்டாள். பக்கத்து நகரத்திலிருந்து வந்திருந்த தேர்தல் அலுவலர் அம்மாள், நேற்றும் இன்றும் சேர்த்து நீங்கள்தான் முதல் ஆள் என்று பூரித்துப்போனார். ஹெட்விகாவும் பெருமையோடுதான் வெளியே வந்தாள். பாதி வழியில் சட்டென்று நின்றுவிட்டாள்.

இரண்டு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்துவிடும். முடிவை ஊர்வாரியாகப் போடுவார்கள். ஒரே ஓட்டு என்றால் அது யாருடையது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அவள் வேலை பார்க்கும் மரம் அறுக்கும் ஆலையின் முதலாளி ஷ்டோல்பா, தலைநகர் ப்ராகில் இருக்கும் மேல்சபைக்கு நிற்கிறார். அவள் போட்டதோ டாக்டர் வெசேலாவுக்கு. கீழ்ச்சபை அவசரமாக அனுப்பும் சட்டத்தை உட்கார்ந்து படித்து, சரியில்லையென்றால் திருப்பி அனுப்புவேன் என்று அந்த டாக்டர் அம்மாள் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. டாக்டரின் போஸ்டரைச் சன்னலில் ஒட்டிய ஆலைக் கிடங்குக்காரர் இப்போது வெளியூரில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் முதல் சுற்றில் மாகாணத் தேர்தலும் கூடவே நடந்ததால் சனம் வந்தது. இன்று மிஞ்சிய இருவருக்குள் இரண்டாம் சுற்று, வெறும் மேல்சபைதான்; அதுவும் மழை ஓய்ந்த அக்டோபர் சனிக்கிழமை. ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு காளான் பொறுக்கக் காட்டுக்குப் போய்விட்டது. ஆறு வருஷப் பதவியைவிட ஒரு கூடைக் காளான் பெரிது இந்த ஊருக்கு.

மிச்சம் இருந்தது மதுக்கடை லுபோரும் அவர் மனைவி இலோனாவும்தான். அவள் கடைக்கு ஓடிப்போய் ஓட்டுப் போட வரச் சொன்னதும், பூண்டு சூப் கிண்டிக்கொண்டிருந்த லுபோர் சிரித்தார்.

"கீழ்ச்சபையில இருநூறு பேர் கை தூக்கினது பத்தாதாம்மா? அதுக்கு மேல எண்பத்தோரு பேர் எதுக்கு?"

"நீங்க வச்ச சூப்பை அக்கா ருசி பார்க்காம வெளியே விடுறதில்லையே, அது எதுக்கு?"

இலோனா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். லுபோர் விடவில்லை. ஊருக்கு ஒருத்தி ஓட்டுப் போட்டு ஒருவர் ஆறு வருஷம் உட்கார்ந்தால், அவர் யாருடைய பிரதிநிதி என்று கேட்டார். நியாயமான கேள்விதான் என்று ஹெட்விகாவுக்கே பட்டது. ஆனால் மணி ஒன்றரை ஆகிவிட்டது.

"சரி, யாருக்குப் போடணும்?" என்று அவரே இறங்கி வந்தார்.

டாக்டருக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. இவர்களும் டாக்டருக்கே போட்டால் மூன்றும் ஒரே பக்கம், அப்போதும் மாட்டிக்கொள்வாள். தன் ஓட்டை மறைக்க, அதை அடித்துப்போடும் ஓட்டைத் தானே கேட்டு வாங்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

"ஒருத்தராவது ஷ்டோல்பாவுக்குப் போடுங்க அண்ணே."

லுபோர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு இலோனாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் முடிவு வந்தது: வெசேலா இரண்டு, ஷ்டோல்பா ஒன்று. தொகுதியிலும் டாக்டர்தான் ஜெயித்தார். இருவரில் யார் டாக்டருக்குப் போட்டது, மேல்சபையே வேண்டாம் என்றவரா என்று ஹெட்விகாவுக்கு ஒரே குறுகுறுப்பு. கேட்டே விட்டாள். ரகசிய ஓட்டு, சூப்பைக் குடி என்று சொல்லிவிட்டார் லுபோர்.

திங்கட்கிழமை ஆலை வாசலில் ஷ்டோல்பா அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"உங்க ஊர்ல எனக்கு விழுந்த அந்த ஒரு ஓட்டு யாரோடதுன்னு எனக்குத் தெரியும் ஹெட்விகா. மறக்க மாட்டேன்."

அவள் தலையாட்டினாள். வேலை தப்பியது. ஆனால் கையை உருவிக்கொள்ளாமல் நின்றது அன்று முழுக்க அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.