ஏழு புத்தகங்களின் கனம்

கொட்டுகிற மழையில் எப்சிபாவின் கல்லறைமேல் என் மெழுகுவர்த்தி அணையாமல் எரிகிறது, புனித அந்தோணியார்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, ஆணையிட்டதுமே அவள் குரல், சத்தியமே பண்ணக்கூடாதுன்னு மத்தேயு அஞ்சாம் அதிகாரத்துல இருக்கு, உங்களுக்கு எத்தன தடவ சொல்ல, செத்து எட்டு மாதமாகியும் என் பெண்டாட்டி வசனம் தப்பாமல் வாதாடுகிறாள், அவள் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்ட், நான் ஆர்.சி. கத்தோலிக்கன், உப்பளத்து வரப்பில் தொடங்கிய காதல் கல்யாணத்தில் முடிந்தது, கல்யாணத்தன்று தொடங்கிய சண்டை முப்பத்தொன்பது வருஷமாக முடியவில்லை, வீட்டு அலமாரியில் இரண்டு வேதாகமங்கள், அவளுடையதில் அறுபத்தாறு புத்தகம், என்னுடையதில் எழுபத்து மூன்று, கூடுதலான அந்த ஏழின் கனத்தில் அலமாரி மேற்கே சாய்ந்து, வீடும் சாய்ந்து, கொதிக்கிற குழம்பு மேற்குப் பக்கமாகவே வழியும், பக்கத்து வீட்டார் சாட்சி, அவர்களும் செத்துப்போனார்கள், ஏட்டி, திருச்சபை சொல்லுததுதான் அர்த்தம், அப்போஸ்தலர் காலத்துலேர்ந்து வழிவழியா வருது, ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொன்னா வெளங்குமா என்பேன், வழிவழியா வந்தா தப்பு சரியாயிருமோ, எங்க எழுதியிருக்கு, காட்டுங்க என்பாள், ஒருமுறை அவள் அண்ணன் தவசிமுத்து, அவர்கள் சபை உபதேசியார், சமாதானம் பேச வந்தார், காலையில் வந்தவர் ஒன்பதாம் நாள்தான் கிளம்பினார், தாடி முழங்காலைத் தொட்டிருந்தது, மாப்ள, செத்தப்புறம் பாவம் தீர வேகுததுக்கு உத்தரிக்கிற ஸ்தலம்னு தனியா ஒண்ணு எதுக்குவே, எந் தங்கச்சிகூட குடும்பம் நடத்துதீரே, அது போதாதா என்று கும்பிட்டுப் போனார்.

பிறகு அவள் படுக்கையில் விழுகிறாள், என் கையைப் பிடித்திருக்கிறாள், நான் போனப்புறம் எனக்குன்னு பூசை வைக்காதீங்க, செபமும் வேண்டாம், இயேசு மரிச்சது போதும், அதுக்குமேல நீங்க யாரு சிபாரிசு பண்ண, சத்தியமெல்லாம் வேண்டாம், சும்மா சரின்னு சொல்லுங்க, சரி என்றேன், அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன், செத்தவர்களோடு பேச எனக்குச் செபத்தை விட்டால் வேறு பேச்சு தெரியாது, வீட்டில் எதிர்த்துப் பேச ஆளில்லை, அவள் கட்சியையும் நானே பேசிப் பார்த்தேன், அதிலும் அவள்தான் ஜெயித்தாள், ஜெயித்தவள் சிரிக்கவில்லை, அடுப்படி அப்படியே கிடந்தது, இன்று கல்லறைத் திருநாள், தடித்த வேதாகமத்தைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு அவள் சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டேன், மக்கபேயர் இரண்டாம் நூல், பன்னிரண்டாம் அதிகாரம், அவளுடைய வேதாகமத்தில் இல்லாத இடம், போரில் விழுந்தவர்களின் பாவம் தீரப் படைத்தலைவன் யூதா பலி ஒப்புக்கொடுக்கச் சொன்னதை, இறந்தவர்களுக்காக வேண்டுவது நல்லது என்பதை, உரக்க வாசிக்கிறேன், வாசிக்க வாசிக்க மழைத்துளிகள் பக்கத்தைத் தொடாமல் ஒதுங்கிப் போகின்றன, செபம் சொல்லலட்டி, வாசிக்கத்தான் செய்யுதேன், வாசிக்க மாட்டேன்னு நான் சொல்லலியே, என்கிறேன், அது தள்ளுபடியான புத்தகம்லா என்று சீறுவாள் என்று காத்திருக்கிறேன், இவ்வளவு நேரம் எல்லாவற்றுக்கும் வசனம் சொன்னவள் இதற்கு வாய் திறக்கவில்லை, ஏட்டி, ஏதாவது சொல்லு, தப்புன்னாவது சொல்லு, மழை மட்டும் பெய்கிறது.

எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, அந்த ஏழு புத்தகங்களையும் ஒத்துக்கொள்ளாமலே எனக்கு மனப்பாடமாகும்வரை வாசித்துக் காட்டியவள் எப்சிபாதான்.