ஒண்ணு கூட்டிக்கோ

அவனுக்கு வயது இருபத்திமூன்றுதான். ஆனாலும் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவன் பெரியப்பா. கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள். அவன் மட்டும் ஒரே ஒரு செய்முறைத் தேர்வுக்காக மூன்றாவது முறையாக வந்து நின்றான். முதல் முறை விடை தப்பு. இரண்டாம் முறை சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயை, அந்த பியூரெட்டையே உடைத்துவிட்டான். இந்த முறையும் கோட்டை விட்டால், அக்கா புருஷன் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைத்திருக்கும் பெயிண்ட் கம்பெனி வேலை கைவிட்டுப் போய்விடும். அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அக்கா முகத்தையும் பார்த்துக்கொண்டு இன்னொரு வருடம் ஓட்ட அவனுக்குத் தெம்பில்லை. போதாக்குறைக்கு அக்கா குழந்தைக்குப் பல் முளைக்கிறது. வீட்டில் யாருமே தூங்கி நாளாயிற்று.

அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் அந்த ஆய்வகத்து பிஹெச் மீட்டருக்கு ஒரு குணம் உண்டு. எதில் முக்கினாலும் ஒன்று குறைத்துக் காட்டும். மீட்டரைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. அதனால் மாணவர்கள் தங்களைத் திருத்திக்கொண்டார்கள். முதல் முறை பெரியப்பா தோற்றதே இந்த ரகசியம் தெரியாமல்தான். அதற்குப் பிறகு வந்த ஜூனியர் ஒவ்வொருவர் காதிலும் அவனே ஓதினான்: "மீட்டர் என்ன காட்டுதோ அதோட ஒண்ணு கூட்டிக்கோ. வேற எதுவும் யோசிக்காதே."

தேர்வு இதுதான். பெயர் சொல்லாமல் ஒரு அமிலத்தைக் கொடுப்பார்கள். அதில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒவ்வொரு தடவையும் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். அமிலம் முழுவதும் தீர எவ்வளவு காரம் பிடிக்கிறதோ, அதில் சரிபாதி விட்ட இடத்தில் இருக்கும் பிஹெச்தான் அந்த அமிலத்தின் அடையாள எண்ணான பிகேஏ. அதை வைத்து அமிலம் இன்னதென்று கண்டுபிடித்துவிடலாம். படித்தால் இரண்டு வரி, செய்தால் அரை நாள்.

பாதியை நெருங்கியதும் எண் அசைவேனா என்றது. காரத்தை விட்டான். 4.6. இன்னும் விட்டான். 4.7. பெரியப்பாவுக்கு அந்தக் கரைசல் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. "இந்தத் தடவையாவது..." என்று அக்கா காலையில் ஆரம்பித்தபோது அவனும் இப்படித்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் ஒரே சொட்டில் எண் எகிறியது. கிராஃப் போட்டான். பாதியில் 4.76. எழுதி, கொட்டாவி விட்டபடி மேஜையில் கொண்டுபோய் வைத்தபோதுதான் அடியிலிருந்த மற்றவர்களின் தாள்கள் கண்ணில் பட்டன. 5.76. 5.75. 5.76.

ஒன்று கூட்ட மறந்துவிட்டான். ஊருக்கெல்லாம் ஓதியவனே மறந்துவிட்டான். கையை நீட்டுவதற்குள் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாளை எடுத்துவிட்டார்.

"எல்லாருக்கும் அஞ்சே முக்கால். உனக்கு மட்டும் நாலே முக்கால். யாரைப் பார்த்து எழுதினே?"

"யாரையும் பார்க்கலை சார். பார்த்திருந்தா எனக்கும் அஞ்சே முக்கால் வந்திருக்கும்."

தேர்வாளர் சிரிக்கவில்லை. பிஹெச் நான்கு என்று லேபிள் ஒட்டிய திரவத்தை வரவழைத்து மீட்டரை முக்கினார். 4.00 என்றது மீட்டர், எந்தக் கூச்சமும் இல்லாமல்.

உள்ளூர்ப் பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "லீவுல சர்வீஸ் பண்ணியாச்சு சார். நோட்டீஸ் போர்டுலகூடப் போட்டிருக்கோம்."

அந்த நோட்டீஸ் போர்டைக் கடைசியாக உற்றுப் பார்த்தவர் அதைச் சுவரில் அடித்த தச்சர்.

தேர்வாளர் பெரியப்பா பக்கம் திரும்பினார். "சரி, பாதியில ஏன் நம்பர் அசைய மாட்டேங்குது?"

பெரியப்பாவுக்குப் புத்தகம் ஞாபகம் வரவில்லை. காலையில் பார்த்ததுதான் ஞாபகம் வந்தது. "பாதி அமிலம் உப்பா மாறிடுச்சு சார். மீதிப் பாதி இன்னும் மாறலை. நாம ஊத்தற காரத்தை அந்த மீதிப் பாதி வாங்கிக்கிட்டே இருக்கு. வெளியில காட்டிக்கறதில்ல."

"எவ்வளவு நேரம்?"

"தாங்கற வரைக்கும் தாங்கும் சார். தீர்ந்துபோச்சுன்னா ஒரு சொட்டுக்கே குதிச்சிடும்."

தேர்வாளர் அவன் கண்ணைப் பார்த்தார். "நீ தூங்கினியாப்பா?"

"இல்ல சார்."

"பாஸ். போய்த் தூங்கு."

போக விட்டால்தானே? மற்றவர்கள் எல்லோரும் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி செய்ய வேண்டும் என்று முடிவானது. பேராசிரியர் அவனை வாசலில் மடக்கினார். "ஒண்ணு கூட்டச் சொன்னது நீதானாமே? இருந்து ஒவ்வொருத்தருக்கும் மீட்டரைச் சோதிச்சுக் காட்டிட்டுப் போ."

ஜூனியர்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் வந்த பெண் முறைத்தாள். "பெரியப்பா, இப்ப கூட்டணுமா, கூடாதா?"

"கூட்டாதே."

"நிச்சயமா? ஒருவேளை கழிக்கணுமோ?"

"அம்மா தாயே, காட்டறதை எழுது."

போன் அடித்தது. அக்கா.

"என்னடா ஆச்சு?"

"பாஸ்க்கா."

பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அக்கா மூக்கை உறிஞ்சினாள். "மாமாகிட்டச் சொல்லிடறேன். ஏன்டா குரல் இப்படி இருக்கு? சந்தோஷமே இல்லையா?"

"இருக்குக்கா. வெளிய வரக் கொஞ்சம் நேரமாகும்."

போனைப் பையில் போட்டுவிட்டு மீட்டரைத் திரவத்தில் முக்கினான். 4.00.

"கூட்டாதே," என்றான் அடுத்தவனிடம்.