கிளிவாய்க் குதிரைக்கு ஒரு குட்டி

1

இந்தக் கதை ஒரு கால்நடை மருத்துவரின் வாசலில் கிடைத்தது. பூனைக்கு ஊசி போட உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பெண்கள், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு. இளையவள் சொன்னாள்: “உன் குதிரைங்கற ஒரே காரணத்துக்காக ஒரு குட்டியைப் பொறக்கவைக்க முடியாதுக்கா.” மூத்தவள் பதில் சொல்வதற்குள் என் பூனையைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது பெஞ்சு காலி.

ஆக, அந்த ஒரு வாக்கியம்தான் அசல். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. நான் குதிரைமேல் ஏறியதே இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்க வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: ‘விடியற்காலைப் பனியில் குதிரைகளின் மூச்சு புகையாக எழுந்து…’ வேண்டாம். குதிரைக் கதை என்றாலே எல்லோரும் பனியைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது: ‘அவள் குதிரைகளை உயிராக நேசித்தாள். அதனால்தான்…’ இதுவும் இல்லை. உயிராக நேசித்தவள் அக்கா. தங்கைக்கு அது தொழில்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். தங்கை இந்தத் தொழிலுக்கு யோசித்து வரவில்லை. கணவர் இறந்தபோது விட்டுச்சென்ற லாயத்தில், இனப்பெருக்கத்துக்கென்றே வளர்த்த ஒரு பொலிகுதிரை இருந்தது. செம்பழுப்பு நிறம், ஆள் வந்தால் கழுத்தை வளைத்துத் தோரணையாக நிற்கும். லாயத்தில் வேலை பார்த்தவர் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார். முறுக்கும் அதற்கேற்றாற்போல்தான். யார் பெண்குதிரையைக் கொண்டுவந்தாலும் தங்கை சேர்த்துவிடுவாள். தன் குதிரைகளிடமும் வருஷம் தவறாமல் குட்டி எடுப்பாள். குட்டி வளர்ந்ததும் லாரியில் ஏறும். லாரி தெருமுனை திரும்பியதும் அவளும் திரும்பி உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் ஒருவர் போன் செய்தார். “உங்ககிட்ட வாங்கின குதிரைம்மா. நாங்க வீடு மாத்தறோம். திருப்பி எடுத்துக்கிறீங்களா?”

“இடம் இல்லைங்களே,” என்றாள். உண்மையிலேயே இல்லை. மனசு கேட்காமல் சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

“யாரோ வந்து ஓட்டிட்டுப் போனாங்க. பேர் கேக்கலையேம்மா.”

[அவள் அந்தக் குதிரையைத் தெருத்தெருவாகத் தேடுவதாக ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். தேடவில்லை. எங்கே என்று தேடுவாள்?]

உடைந்த சேணங்கள் கிடந்த ஓர் அறையை ஒழித்துக் கழுவினாள். தன்னிடம் பிறந்த எது எப்போது திரும்பி வந்தாலும் நிற்க இடம் வேண்டும் என்று அதைக் காலியாகவே வைத்தாள்.* அன்றிலிருந்து சேர்ப்பதற்கு முன்னால் கேள்விகள். எதற்காகக் குட்டி, யார் வளர்ப்பார்கள், முடியாமல் போனால் சொல்லி அனுப்புவார்களா. வந்தவர்களில் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். “குதிரைக்கு வந்தா, பொண்ணு கேட்டு வந்தவனை மாதிரி குடையறாளே” என்று ஒருவர் அவள் காதுபடவே சொன்னார்.

* வரைவைப் படித்த நண்பர், கடைசியில் இந்த அறை நிரம்பிவிடும்தானே என்றார். நிரம்பாது.

3

அக்காவின் குதிரை பேர் கடுகு. அதற்குக் கிளிவாய்: மேல்தாடை முன்னால் துருத்திக்கொண்டு கீழ்ப்பல்லோடு சேராது. புல்லைக் கடித்து இழுக்க வராது. தாயிடமிருந்து குட்டிக்கும் வரக்கூடிய குறை. அக்கா வேளாவேளைக்குத் தீவனத்தை ஊறவைத்து, கையால் பிசைந்து, கட்டி இல்லாமல் வைப்பாள்.

அப்படிப் பிசைந்துகொண்டிருக்கும்போதுதான் கேட்டாள். “உன் மாப்பிள்ளையை ஒரு தடவை விடேன். இவளுக்குப் பின்னாடி இவ ஜாடையில ஒண்ணு வேணும் எனக்கு.”

“வேண்டாம்க்கா.”

“இவளுக்கு என்ன குறை?”

“வாய்.”

“அதான் ஊறவச்சுக் கொடுக்கறேன்ல. ஒரு நாள் பட்டினி கிடந்திருக்காளா? என் குதிரைக்குக் கேக்கறேன். வெளி ஆள் மாதிரி பேசறே.”

[அசல் வாக்கியம் இங்கே.]

“உன் குதிரைங்கற ஒரே காரணத்துக்காக ஒரு குட்டியைப் பொறக்கவைக்க முடியாதுக்கா. அதுக்கும் இதே வாய் வந்தா யார் பிசையறது?”

“நான் பிசையறேன்.”

“குதிரை முப்பது வருஷம்கூட இருக்கும். உனக்கு இப்பவே அறுபத்தொண்ணு.”

வாளிக்குள் கை நின்றது. (தங்கையை இங்கே மன்னிப்புக் கேட்கவைக்கப் பலமுறை முயன்றேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.)

“நான் போயிடுவேன்னு சொல்றே.”

“குதிரையைப் பத்தித்தான் பேசறேன்.”

“நீ எப்பவும் குதிரையைப் பத்தித்தான் பேசறே,” என்றாள் அக்கா.

4

அக்கா கடுகை வண்டியில் ஏற்றி வேறொரு லாயத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே யாரும் வாயைத் திறந்து பார்க்கவில்லை. என்ன நிறத்தில் குட்டி வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். அக்கா தங்கை பேச்சு நின்றது.

இப்போது குட்டி பிறக்க வேண்டும். முதலில் கிளிவாயோடுதான் எழுதினேன். மடியை எட்டிப் பிடிக்கத் தெரியாமல் அது பால் ஒழுகவிடுவதும், அக்கா தங்கைக்குப் போன் செய்து பேசாமல் இருப்பதும் நன்றாகவே வந்திருந்தன. திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. தங்கை சொன்னது சரி என்று காட்ட ஒரு குட்டியின் தாடையை வளைத்து வைத்திருக்கிறேன். அவள் லாயத்துக்குப் போய் நின்றிருந்தால் என்னையும் திருப்பி அனுப்பியிருப்பாள்.

அழித்துவிட்டேன்.

5

பெண்குட்டி பிறந்தது. பத்து நாள் கழித்து அக்காவே கூப்பிட்டாள். “வந்து பாத்துட்டுப் போ.”

தங்கை வைக்கோலில் மண்டியிட்டு, கட்டைவிரலால் குட்டியின் உதட்டைத் தூக்கினாள். அப்போதுதான் முளைத்த முன்பற்கள். மேலும் கீழும் நேராகச் சேர்ந்திருந்தன. இன்னொரு தடவை பார்த்தாள். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஏமாற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு குட்டியின் வாய் நேராக இருப்பதற்கு ஏமாந்துபோகிற ஆளாக எப்போது ஆனோம் என்று நினைத்து, உதட்டை மெல்ல விட்டாள்.

“நல்லா இருக்கு.”

“நீ சொன்னது தப்புன்னு சொல்லேன்.”

“இல்லைக்கா. தப்பிச்சிருக்கா. நாளைக்கு இவகிட்டயும் குட்டி எடுத்துடாதே. இவகிட்ட வராதது அதுக்கு வரலாம்.”

அக்கா கோபப்படவில்லை. குட்டியின் முதுகில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தாள். “நீ அன்னைக்கு வயசைச் சொன்னே. அதுதான் மனசுல ஓடிட்டே இருக்கு. எனக்கப்புறம் இவளை நீ எடுத்துக்கணும்.”

தலையாட்டினால் போதும், இத்தனை மாத ஊமைச்சண்டை முடிந்துவிடும். தங்கைக்கும் ஆட்டத்தான் ஆசை. ஆனால் அவளுக்கே ஐம்பத்தாறு. “நான் சரின்னு சொன்னா பத்தாதுக்கா. பொண்ணைக் கேக்கணும்.”

“கேளேன். இப்பவே.”

மகள் வேறொரு நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். லாயத்து வாசனையே ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனவள். உள்ளே சிக்னல் இல்லாததால் தங்கை போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

6

மகளைச் சரி என்று சொல்லவைக்க ஒரு வரி போதும். மாட்டேன் என்று சொல்லவைக்கவும் அவ்வளவுதான். ஆனால் அவளைப் பற்றி நான் எழுதியிருப்பது இரண்டே வாக்கியம். அதை வைத்துக்கொண்டு ஒருத்தியின் முப்பது வருஷத்தை என்னால் எழுதிக்கொடுக்க முடியாது.

முற்றத்தில் தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். நிறையக் கேட்கிறாள், கொஞ்சமாகப் பேசுகிறாள். ஒரு தடவை “அது இல்லைம்மா” என்கிறாள். குட்டி தடுமாறி நடந்து வாசல் வரைக்கும் வர, அக்கா அதன் மார்பில் கை வைத்து நிறுத்துகிறாள்.

பேசி முடித்துவிட்டுத் தங்கை திரும்புகிறாள். அக்கா அவள் முகத்தைத்தான் பார்க்கிறாள். நான் நிற்கிற இடத்திலிருந்து அந்த முகம் தெரியவில்லை. நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.