ராகு காலத்தில் சிவப்புப் பை

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அண்டார்க்டிகா கப்பலுக்குப் போகிறவர்களுக்குத் துறைமுக வாசல் மூடுவதும் பன்னிரண்டுக்குத்தான்.

ஷ்யாமளாவா அசருகிறவள்? காலை ஒன்பது மணிக்கே, நல்ல நேரத்தில், மகள் ஸ்ரீலேகாவின் சிவப்புப் பையை எதிர் ஃப்ளாட் திருவேங்கடம் மாமா வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பை புறப்பட்டால் ஆளே புறப்பட்ட மாதிரி. அப்புறம் எப்போது கிளம்பினாலும் ராகு கிட்டே வரமாட்டான். ராகு காலம் முடியும்வரை பையை மட்டும் திரும்ப எடுக்கக் கூடாது.

பதினொன்றுக்கு டாக்ஸி வந்தது. ஸ்ரீலேகாதான் பயணக் குழுவுக்கு டாக்டர். மூன்று வருஷமாக மனுப் போட்டுக் கிடைத்த இடம்.

"அம்மா, சிவப்புப் பை எங்கே? பாஸ்போர்ட் அதுலதான் இருக்கு."

"அதுலயா! பழைய குல்லாவும் கையுறையும்தானே, விட்டுட்டுப் போனா என்னன்னு நெனச்சு மாமா ஆத்துல பரஸ்தானம் வெச்சுட்டேனேடி!"

மாமா கதவைத் திறந்தார். சங்கிலியை எடுக்கவில்லை.

"பன்னெண்டு அடிக்கட்டும், தரேன்."

"கப்பல் போயிடும் மாமா!"

"கார்த்தால நீ என்ன சொன்னே? 'நானே வந்து அழுதாலும் ராகு காலத்துல தராதீங்கோ'ன்னியா இல்லையா? முப்பத்தாறு வருஷம் பார்சல் ஆபீஸ்ல இருந்தவன் நான். சொன்ன நேரத்துக்கு முன்னாடி ஒரு பொட்டலம் என் கையை விட்டுப் போனதில்லே."

ஸ்ரீலேகா முன்னால் வந்தாள். "மாமா, பகலை எட்டாப் பங்கு போட்டாத்தானே ராகு காலம்? நான் போற எடத்துல ரெண்டு மாசம் சூரியன் அஸ்தமிக்கவே அஸ்தமிக்காது. அங்கே என்ன பண்ணுவேள்?"

மாமா விரல்விட்டு எண்ணினார். முகம் வெளிறிப்போயிற்று.

"ஒரு ராகு காலமே ஒரு வாரமா! அந்த ஊருக்கா பொண்ணை அனுப்பறே? நிச்சயமா தரமாட்டேன்!"

கீழே டாக்ஸிக்காரன் ஹார்னை அழுத்தினான். "சலோ மேடம்!"

ஷ்யாமளா மகளைப் பார்த்தாள். மூன்று வருஷம் அந்த முகத்தில் நின்றது.

"மாமா, நீங்க தரவேண்டாம். அவளும் எடுக்கவேண்டாம். சங்கிலியைக் கழட்டுங்கோ, நான் எடுத்துக்கறேன். ராகு என்னைப் பிடிச்சுக்கட்டும்."

"உன்னையா?"

"என்னைத்தான். நான் எந்தக் கடலுக்குப் போறேன்? மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போறேன். மிஞ்சிப்போனா ராகு முத்தின முருங்கைக்காயா என் தலையில கட்டுவான். கட்டட்டும்."

மாமா யோசித்தார். சங்கிலி கழன்றது.

பையைத் தூக்கிக்கொண்டு ஷ்யாமளா மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள். கடைசிப் படியில் செருப்பு வார் அறுந்தது. விழப் போனவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றாள்.

"பாத்தியா, பாத்தியா!" மேலேயிருந்து மாமா கத்தினார்.

"வந்துட்டான் மாமா! என்கிட்டயேதான் வந்திருக்கான்!" ஷ்யாமளாவின் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

ஸ்ரீலேகா ஏறிக்கொண்டதும் பையை டாக்ஸி ஜன்னல் வழியாகத் திணித்தாள்.

"ஜாக்கிரதையாப் போயிட்டு வாடி. அதுவரைக்கும் இவனை நான் பிடிச்சு வெச்சிண்டிருக்கேன்."

டாக்ஸி திரும்பி மறையும்வரை, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றாள்.