பொட்டலத்து விளக்கு

இந்தக் காலத்தில் எவனும் வெறுங்கையோடு வருவதில்லை, மடித்த காகிதத்தோடுதான் வருகிறான் என்று முணுமுணுத்தபடி, பெரிய குங்குமக் கடை சபாபதியின் வக்கீல் வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் ஆதிகேசவன். முப்பது வருஷமாகக் குங்குமம் இடித்துச் சிவந்துபோன விரல்கள். மடியில், பொட்டலத்தில் குத்தும் மர அச்சு; அதில் செதுக்கிய காமாட்சி விளக்கு. தாமல், முசரவாக்கம் கிராமங்களிலிருந்து குங்குமம் வாங்க வரும் பெண்களுக்கு எழுத்துத் தெரியாது. விளக்குப் போட்ட பொட்டலம் என்றுதான் கேட்பார்கள். ஒரு தடவை அச்சுக் குத்தாமல் மருமகள் வள்ளி கொண்டுபோன கூடை அப்படியே திரும்பி வந்தது. அந்த விளக்கைத்தான் பெரிய கடை சபாபதி இப்போது மெட்ராசில் தன் கடை மார்க்காகப் பதிந்துகொண்டார்.

குமாஸ்தா காசிநாதன் ஒரு தாளை நீட்டினார். "இது நீ வெச்ச கைநாட்டுதானே, பெரியவரே?"

போன தை மாதம் ஒரு பேண்ட் போட்ட ஆள், சபாபதி அனுப்பியவன் என்று சொல்லாமல், வீட்டுக்கு வந்து, விளக்கு மார்க் உன்னுடையதா என்று கேட்டான். ஆமாம் என்றால் வரி போட்டுவிடுவான் என்று ஆதிகேசவனுக்குச் சந்தேகம். "காமாட்சி வெளக்கு எங்கப்பன் வூட்டு சொத்தா? ஊருக்கே பொதுப்பா. எனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று சொல்லி, அவன் நீட்டிய தாளில் கட்டைவிரலையும் வைத்து அனுப்பினார். யாரையும் நம்பாத தன் புத்தியை அன்று முழுக்க மெச்சிக்கொண்டார்.

"சம்பந்தம் இல்லன்னு நீயே ஒத்துக்கினியே. அச்சக் குடுத்துட்டு, இனிமே வெளக்கு குத்த மாட்டேன்னு எழுதன இந்தத் தாள்லயும் ஒரு கைநாட்டு வெச்சுட்டுப் போ. இல்லன்னா கேஸு. கோர்ட்டு அமீனா வந்து பொட்டலத்தையெல்லாம் அள்ளிக்கினு பூடுவான்."

"ஊருக்கே பொதுன்னும் சொன்னனே. அத்த எழுதலியா?"

காசிநாதன் தாளைப் புரட்டினார். "அது இதுல இல்லியே."

உள்ளே வக்கீல் வீட்டம்மாள் மாடத்தில் விளக்கேற்றினாள். இரண்டு யானைக்கு நடுவே அம்மன். அதே விளக்கு.

"அந்தம்மாவையும் கேளு. சபாபதி கையில சொல்லிட்டுதான் ஏத்தினாங்களான்னு."

காசிநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏத்தலாம்பா. பொட்டலத்துல போட்டு விக்கத்தான் கூடாது." மை டப்பாவை நகர்த்தி வைத்தார்.

"ஒரு தபா வெச்சதுக்கே வெளக்கு பூட்ச்சி."

ஆதிகேசவன் எழுந்து படியிறங்கினார். பின்னாலிருந்து காசிநாதன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நாளை வெள்ளிக்கிழமை; அச்சுக் குத்த ஐந்நூறு பொட்டலங்களை வள்ளி அடுக்கி வைத்திருப்பாள். அமீனா முதலில் வருவானோ, தாமல்காரிகள் வருவார்களோ. தெருவில் வீட்டுக்கு வீடு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அவர் எதையும் பார்க்கவில்லை. அச்சைச் செருகிய மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். வேர்வையில் அச்சின் சாயம் கரைந்து, வெள்ளை வேட்டியில் சிவப்பாகப் பரவிக்கொண்டிருந்தது.