இந்த மாதச் சிக்கல்

குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் செய்திமடல் யாமினிக்கு வருவதில்லை. அவள் கணவன் மதியழகனுக்குத்தான் வரும். அவளைச் சங்கத்தில் சேர்த்தபோதே தன் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டான். மனைவிக்கு வருவதை முதலில் தான் படித்துவிடுவது அவனுக்கு அன்பில் ஒரு வகை. அவளும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

"இங்க பாரு, உன் பேரு வந்திருக்கு," என்றான் இட்லியைப் பிட்டபடி. "இந்த மாதச் சிக்கல்: உறுப்பினர் யாமினி."

சட்னிக் கரண்டி அவள் கையிலேயே நின்றது.

போன மாதக் கூட்டத்தில் அவள் கேட்ட கேள்வி அது. கணவன் சந்தேகப்படாமல் ஒருத்தி வீட்டைவிட்டு வெளியேற வேண்டும், பெட்டி தூக்க முடியாது, எப்படி? கதைக்குத்தான் என்றாள். ஆளாளுக்கு உற்சாகமாக வழி சொன்னார்கள். பிணத்தையே மறைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பெண்ணை மறைப்பதா கஷ்டம்? செயலாளர் கிளெமென்ட் மட்டும், "உங்க ஹீரோயினுக்குப் பயமே இல்லையாம்மா?" என்றார். "இருக்கும் சார், எழுத வரல." பக்கத்து நாற்காலியிலிருந்த மௌரீன் திரும்பி அவளைப் பார்த்தாள். ஒரே பார்வைதான். மறுவாரத்திலிருந்து துணிகளும் சான்றிதழ்களும் கொஞ்சம் கொஞ்சமாக மௌரீன் வீட்டுக்குப் போயின. வருகிற சனிக்கிழமை யாமினியும் போவதாக ஏற்பாடு.

நல்ல சிக்கலை, வந்த பதில்களோடு செய்திமடலில் போடுவது சங்கத்தின் வழக்கம். தன் வாழ்க்கை நல்ல சிக்கலாகத் தேறும் என்று அவள் நினைக்கவில்லை.

"பதில் ஒண்ணு: டிபன் டப்பாவுல தினம் ஒரு பொருளா கடத்தணும்." மதியழகன் சிரித்தான். "பதில் ரெண்டு: போனை ஓடுற வண்டியிலயே விட்டுட்டு எறங்கிடணும். ஏய், அந்தப் புருஷன் என்ன அவ்ளோ மக்கா?"

"கதைதானே."

"கதைன்னாலும் ஒரு லாஜிக் வேணாமா?"

சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, கண் மட்டும் மேஜையிலிருந்த அவள் டிபன் பைக்குப் போயிற்று. பையை இழுத்தான். பக்கத்து ஜிப்புகளைத் திறந்து மூடினான். அது தினமும் நடப்பதுதான். இன்று டப்பாவையும் திறந்தான்.

எலுமிச்சை சாதம். அதன் அடியில், அவள் அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்கும்போது வைத்திருந்த, எண் பொறித்த பித்தளை டோக்கன் கிடந்தது. ஒன்றுக்கும் உதவாத பொருள். அதை மட்டும் விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை.

அவன் ஸ்பூனை எடுத்துச் சாதத்தில் குத்தினான்.

தன் பயம் எங்கே இருக்கிறது என்று யாமினிக்கு அப்போதுதான் தெரிந்தது. நெஞ்சில் இல்லை, முழங்காலுக்குப் பின்னால், யாரோ அங்கே விரலை வைத்து மெல்ல அழுத்துவதுபோல. இதை எழுதலாமே என்று தோன்றியது. இந்த நேரத்திலும் அப்படித் தோன்றியதே என்று கூச்சமாக இருந்தது.

ஒரு வாய் மென்றான். "உப்பு கம்மி," என்று டப்பாவை மூடினான்.

கீழே கம்பெனி கேப் ஹாரன் அடித்தது.

லிஃப்ட் வரை கூடவே வந்தான். "சாயந்திரம் வந்து அந்தக் கதைக்கு முடிவு சொல்லு. அப்புறம், இந்தச் சங்கம் கிங்கமெல்லாம் இனிமே வேணாம். புரியுதா?"

"சரிங்க."

சனிக்கிழமை வரை அவன் யோசிக்காமல் இருக்கமாட்டான். சாயந்திரம் வரைகூட இருப்பானோ என்னவோ. கேபில் ஏறியதும் மௌரீனைப் போனில் கூப்பிட்டு, "இன்னிக்கே," என்றாள். "மெட்ரோ கிட்ட நில்லுடி, வரேன்," என்றாள் மௌரீன், வேறொன்றும் கேட்காமல்.

எலெக்ட்ரானிக் சிட்டி மெட்ரோ ஸ்டேஷன் அருகே வண்டியை நிறுத்தச் சொன்னாள். "ஒரு வேலை இருக்குண்ணா, நீங்க போங்க." இருக்கை இடுக்கில் செருகிய போன் அவளில்லாமல் ஆபீசுக்குப் போயிற்று. பதில் இரண்டை அவனும் படித்திருக்கிறான்தான். ஆனால் படித்துச் சிரித்திருக்கிறான். சிரித்த ஒன்றை அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டான். அந்த இடைவெளி போதும்.

படிக்கட்டோரம் நின்று டப்பாவைத் திறந்தாள். சாதத்தைக் கிளறி டோக்கனை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்தாள். மௌரீனின் ஸ்கூட்டர் சிக்னலைத் தாண்டுவது தெரிந்தது. விரலில் ஒட்டியிருந்த பருக்கைகளை வாயில் போட்டுக்கொண்டாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.