அக்கரைப் பெண்டாட்டியும் பூவரசம் பலகையும்

காளியப்பனைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். கோழி கூவும் முன்பே வலையைத் தோளில் போட்டுக்கொண்டு காவேரிக்கு இறங்குகிற ஆள் அவன். ஆனால் ‘நாளைக்கு’ என்கிற வார்த்தையை அவன் வாயில் யார் ஊற்றிவிட்டார்களோ தெரியவில்லை. கூரை வேய்வது நாளைக்கு, கிழிந்த வலையைப் பின்னுவது நாளைக்கு, படகின் மேல்தட்டை மாற்றுவதும் நாளைக்கு. அந்த நாளை வருவதற்குள் பெண்டாட்டி அக்கரைக்குப் போய்விட்டாள்.

பரமத்தி வேலூர்த் துறையில் மற்றவர்கள் பரிசலில்தான் மீன் பிடித்தார்கள். காளியப்பனிடம் மட்டும் சின்னதாக ஒரு பலகைப் படகு இருந்தது. அவன் அப்பன் கிழக்கே முசிறிப் பக்கத்திலிருந்து வாங்கிக்கொண்டு வந்தது. நின்று வலை வீசுவதற்காக அதன் முன்பாதியில் பலகைகளை நெருக்கி அடித்து ஒரு தட்டுப் போட்டிருந்தது. காளியப்பன் அதில் ஏறி நின்று வலை வீசுவான். அவன் பெண்டாட்டி சாலம்மாள் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுவாள். அடியில் ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் இறைத்து ஊற்றுவதும் அவள் வேலைதான்.

தட்டுப் பலகைகள் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து இற்றுப்போயிருந்தன. மிதித்தால் நெளிந்தன.

“ஏனுங்க, அந்தப் பலகைய மாத்துங்க. என்னைக்காச்சும் கால் உள்ள போயிரும்” என்று சாலம்மாள் சொல்லாத நாள் இல்லை.

“ஆகட்டும் புள்ள, நாளைக்கு” என்று அவனும் சொல்லாத நாள் இல்லை.

கடைசியில் உள்ளே போனது அவள் கால். தை மாசம், அக்கரையில் அவள் அண்ணன் கருப்பண்ணன் வீட்டில் கல்யாணம். புதுச்சேலை கட்டிக்கொண்டு, தேங்காய் பழத் தட்டோடு, கரையில் இறங்குவதற்காகப் படகின் முன்தட்டில் கால் வைத்தாள். பலகை முறிந்து தொடைவரைக்கும் உள்ளே இறங்கிவிட்டது. தேங்காய் ஆற்றில் உருண்டது. துறையில் நின்ற சனம் கொல்லென்று சிரித்தது. சனம் சிரிக்கும், அதை விடுங்கள். காளியப்பனும் சேர்ந்து சிரித்தான்.

சாலம்மாள் காலை உருவிக்கொண்டு, முழங்காலில் ரத்தம் வழிய, கரையேறி அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணம் முடிந்தது, விருந்து முடிந்தது, மாசியும் வந்துவிட்டது. அவள் வரவில்லை.

நம் பக்கத்தில் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனால் நாலு பெரியவர்களை அனுப்பி அழைத்து வருவது வழக்கம். காளியப்பன் யாரையும் அனுப்பவில்லை. பலகை முறிந்ததால்தானே போனாள், பலகையை மாற்றிவிட்டால் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டான். அதுவும் தன் கையாலேயே மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தான்.

ஆசாரியிடம் யோசனை கேட்டான். “கலப்பை கேளு, வண்டிச் சக்கரம் கேளு. படகெல்லாம் நமக்குத் தெரியாதப்பா” என்று அவர் கைவிரித்துவிட்டார். கொல்லையில் நின்ற பூவரச மரத்தைக் காளியப்பன் தானே வெட்டிச் சாய்த்தான். பூவரசு தண்ணீருக்குச் சீக்கிரம் இற்றுப்போகாது. அறுக்கிற வாளை இரவல் வாங்கி வந்தபோதுதான் அதற்கு இரண்டு பக்கமும் பிடி இருப்பது உறைத்தது. எதிர்ப் பிடியை யார் பிடிப்பது? கயிறு திரிப்பதானாலும், வலை காயப்போடுவதானாலும், இத்தனை வருடமும் எதிர்ப்பக்கம் பிடித்தவள் சாலம்மாள்தான். கொஞ்ச நேரம் வாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பிறகு அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, மரத்தில் ஆப்பு அடித்துப் பிளந்தான். பிளந்ததை வாச்சியால் செதுக்கிச் செதுக்கிப் பலகையாக்கினான். உள்ளங்கை கொப்பளித்து உடைந்து காய்த்துப்போனது.

மேட்டூரில் அணை கட்டி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அங்கே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். பங்குனியில் ஆறு மணலாகிவிட்டது. நடுவில் மட்டும் முழங்கால் அளவு ஓடியது. காளியப்பன் படகைக் கரையில் இழுத்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். மீன் வாங்கி ஊருக்குள் விற்கிற அத்தாயி கூடையோடு வந்து நின்றாள்.

“என்ன சாமி, தச்சு வேலை நடக்குதாட்ட இருக்குது?”

“ஆமாங்கக்கா. தட்டு மாத்திப்போட்டா அவ வந்துருவா.”

அத்தாயி ஆற்றைப் பார்த்தாள். “முழங்கால் தண்ணி ஓடுது. அக்கரை நாயி தெனமும் நடந்து வந்து இங்க மீன் தலை தின்னுட்டுப் போவுது. வாரதுக்கு மனசிருந்தா அவளுக்குப் படகு எதுக்கு சாமி?”

காளியப்பன் குனிந்து செதுக்கத் தொடங்கினான். அந்தப் பேச்சு அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அன்றைக்கு வாச்சி இரண்டு தடவை குறி தவறியது.

மறுநாள் பழைய தட்டைப் பெயர்த்தான். இற்ற பலகைகள் கையோடு வந்தன. தட்டுக்கு அடியில் இருந்த படகின் உள்வயிற்றை அவன் பார்த்தே வருடக்கணக்காகிவிட்டது. குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

படகின் அடிப்பலகை இடுக்குகளில் துணி அடைத்திருந்தது. பட்டை பட்டையாகக் கிழித்து, முறுக்கி, உளியால் இடித்து இறக்கி, தண்ணீர் கசியாதபடி மேலே குங்கிலியமும் இலுப்பெண்ணெயும் காய்ச்சிப் பூசியிருந்தது. ஒரு இடத்தில் இல்லை, வரிவரியாக. துணி எல்லாம் சாலம்மாளின் சேலைகள். இதோ அந்தச் சிவப்புக் கட்டம். இதோ அரக்குக் கரை. ‘எலி கடிச்சுருச்சுங்க’ என்று அவள் ஒரு தடவை சொன்ன பச்சைச் சேலை. “சேலைக்கு வாயா மொளச்சிருக்குது? எப்பப் பாத்தாலும் கிழியுது!” என்று அவன் கத்தியிருக்கிறான். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

படகு கரையில் கிடக்கிற நாட்களில், கழுவிக் காயவைக்கிற சாக்கில் அவள் கையை உள்ளே விட்டு அடைத்திருக்கிறாள். அவன் தட்டில் நின்று ராசா மாதிரி வலை வீசியபோதெல்லாம், படகு முழுகாமல் பார்த்துக்கொண்டது பின்னால் இருந்தவள்.

காளியப்பன் மணலில் உட்கார்ந்தான். அவளை உடனே பார்க்க வேண்டும் போல் இருந்தது. அவள் முகத்தை, அவள் துடுப்புப் பிடிக்கிற கையை, பின்னாலிருந்து கேட்கிற கொட்டாங்கச்சிச் சத்தத்தை. எழுந்து நடந்தால் அக்கரை. நடக்கவில்லை. வேலையை முடிக்காமல் எந்த முகத்தோடு போவது என்று தோன்றியது. மறுபடி வாச்சியை எடுத்தான்.

அவள் அடைத்த துணியில் ஒன்றைக்கூட அவன் பிடுங்கவில்லை. அதற்கு மேலேயே குங்கிலியம் பூசினான். பலகைகளைப் பொருத்தும்போது நடுவில் நகக்கண் அளவு சந்து விட்டான். நனைந்து ஊதினால் முட்டிக்கொள்ளக் கூடாது. கொல்லன் அடித்துக் கொடுத்த ஆணிகளை அறைந்து இறக்கினான். முடித்துவிட்டு ஏறிக் குதித்துப் பார்த்தான். நெளியவில்லை.

ஆனியில் அணையைத் திறந்தார்கள். சிவந்த தண்ணீர் கரை தொட்டு வந்தது. காளியப்பன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு அக்கரைக்குப் படகைத் தள்ளினான்.

கருப்பண்ணன் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவன் ஓடி வந்தான். “வாங்க மாப்ள, வாங்க” என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தான். குறை ஒன்றும் பேசவில்லை. “சாலம்மா, மாப்ள வந்திருக்கறாரு” என்று குரல் கொடுத்துவிட்டு நாசூக்காகக் கொடிக்காலுக்குள் போய்விட்டான்.

சாலம்மாள் வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். காளியப்பன் சொம்பைக் கீழே வைத்தான்.

“தட்டு மாத்திப்போட்டனாக்கும்” என்றான்.

“அப்படீங்களா.”

“பூவரசு. நானே செதுக்குனது. ஆணி கொல்லங்கிட்டச் சொல்லி அடிச்சது. குங்கிலியம் ரெண்டு பூச்சு.”

அவள் கரைக்கு இறங்கி வந்து படகில் ஏறினாள். பலகை பலகையாக மிதித்துப் பார்த்தாள். குனிந்து சந்து வழியாக உள்ளே பார்த்தாள். தன் துணிகள் அப்படியே இருப்பதைக் கண்டாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

“நல்லா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுக் கரையில் இறங்கி நின்றாள்.

அவன் காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள். தண்ணீர் படகைத் தட்டிக்கொண்டிருந்தது. தட்டு மாற்றியாகிவிட்டதே, இன்னும் ஏன் ஏறி உட்காராமல் நிற்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. வாச்சி பிடிக்கக் கை இருந்ததுபோல, பேச வாய் ஒன்று இருப்பது அவனுக்கு ஞாபகமே இல்லை.

“அப்ப, போயிட்டு வாங்க” என்றாள் சாலம்மாள் கடைசியில்.

அவன் படகைத் தள்ளினான். நடு ஆறு வரைக்கும் போய்விட்டான். பின்னால் உட்கார்ந்து தானே துடுப்புப் போட வேண்டியிருந்ததால், புதுத்தட்டு காலியாக முன்னால் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது. முதலில் அவள்மேல், பிறகு பலகைமேல். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, ஒரு மரத்தையே வெட்டினேனே தவிர, வா என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்டேனா என்று கடைசியில் தன்மேலேயே வந்தது. போன அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. அத்தாயி சொன்னது இப்போதுதான் முழுசாக உள்ளே இறங்கியது.

படகைத் திருப்பினான். அணைத் தண்ணீர் லேசில் விடுமா? ஒரு பர்லாங்கு கீழே இழுத்துக்கொண்டு போய் நாணலில் முட்ட வைத்தது. குதித்து இறங்கி, சேற்றிலும் நாணலிலும் விழுந்து எழுந்து கரையோரமாக ஓடினான். வெளுத்த வேட்டி என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

சாலம்மாள் அவன் விட்டுப்போன அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“புள்ள,” என்றான் மூச்சு வாங்க. “வா புள்ள. நான் சிரிச்சது தப்பு. நீ இல்லாம ஊடு ஊடாட்டவே இல்ல. என்னால முடியல. வா.”

அவள் வாயைத் திறந்தாள். ஆனால் அவள் கண் அவன் தோளுக்குப் பின்னால் போய்விட்டது.

“ஐயோ! ஏனுங்க, படகக் கட்டாமயா வந்தீங்க? அது போவுது பாருங்க!”

நாணலை விட்டு நழுவி, புதுப் பூவரசந்தட்டு வெயிலில் மின்ன, படகு தன்பாட்டுக்குக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. காளியப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“போனாப் போவுது. நீ வாரியா இல்லியா, அதச் சொல்லு.”

“வாரேனுங்க, வாரேன்! மொதல்ல அதப் புடிங்க!” என்று சொல்லிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவனுக்கு முன்னால் அவளே ஓடினாள்.